சீட்டின் பின்பக்கம்

கண்ணாயிரத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். போன மாதம் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கையில் நாலு பக்கப் படிவம். வீட்டில் எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், தூக்கம் வருகிறதா, மனக்கவலை உண்டா, அக்கம்பக்கத்தோடு பேச்சுவார்த்தை எப்படி என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. எதற்கம்மா இதெல்லாம் என்றேன். "நோய உடம்ப மட்டும் வச்சிப் பாக்கக் கூடாது சார். மனசு, குடும்பம், சமூகம் எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும். இப்ப உலகம் பூரா இப்படித்தான்" என்றது அதில் ஒரு பெண். நல்ல பெண்தான். ஆனால் கேள்வி கேட்டு முடிக்கும்வரை ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. இதே வேலையை முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு மனிதர், உள்ளங்கை அகலச் சீட்டின் பின்பக்கத்தில் செய்துகொண்டிருந்தார். சரியாகவும் செய்தார், தப்பாகவும் செய்தார். அந்தத் தப்பைத்தான் நான் சொல்லியாக வேண்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அப்போது நான் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆறு கட்டில், ஒரு டாக்டர், நான், கண்ணாயிரம், பெருக்கிக் கழுவ ஒரு அம்மா. நர்ஸ் வேலை ஒரு வருஷமாகக் காலி, அதனால் ஊசி போடுவதும் நான்தான். தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் போய் ஒன்பதுக்கு இறங்குவேன். கண்ணாயிரம் உள்ளூர்க்காரர், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வீடு. அவர் வேலை வாசல் ஜன்னலில் உட்கார்ந்து ஓ.பி. சீட்டு எழுதுவது. பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு. நாலு விவரம், அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் ஒரு ஆளை அனுப்பிவிடலாம்.

கண்ணாயிரம் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வார். "இன்னாம்மா, தனியாவா வந்த? அவரு எங்க? ஆலைக்குக் கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்காரா? கொழந்தைய யாரு பாத்துக்கிறா?" என்று ஆரம்பித்தால் வரிசை புளியமரம் வரை நீளும். கேட்டதையெல்லாம் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிவிடுவார். குண்டு குண்டான கையெழுத்து. 'மாமியாருடன் பேச்சு இல்லை. தனி அடுப்பு.' 'மாடு செத்து எட்டு நாள்.' 'தாய் விடியலில் கரும்பு வெட்டப் போய்விடுகிறாள். பிள்ளை வாய்க்கால் தண்ணீர் குடிக்கிறது.' இதை எழுது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எழுதாதே என்று முன்னால் இருந்த டாக்டர் மூன்று தரம் சொல்லியும் இருந்தார். சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டார்.

எனக்கு அந்தப் பின்பக்கம் பிடிக்காது. ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன் நான். மலைமேலிருந்து வருகிறவர்கள் கடுக்காய் மூட்டையையும் புளி மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு அவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சீட்டு எழுதுறீங்களா, ஜாதகம் எழுதுறீங்களா?" என்று கத்துவேன். "வவுத்து வலின்னு வர்றவன் வவுத்த மட்டுமா எடுத்துக்கினு வர்றான், கம்பவுண்டரே?" என்பார் சிரிக்காமல். வெற்றிலை போடாத வாய், எப்போதும் தோளில் ஒரு துண்டு, காதில் பேனா. மனிதரை எனக்குப் பிடிக்கும். அதை அவரிடம் காட்டிக்கொள்வதில்லை என்று வைத்திருந்தேன்.

எண்பத்தேழு ஆரம்பத்தில் டாக்டர் இளஞ்செழியன் வந்தார். மெட்ராஸில் படித்து முடித்த சூடு ஆறாத பிள்ளை, மீசை சரியாக முளைக்கவில்லை. முதல் வாரமே ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்திருந்தவர் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்து ஆள், வேடியப்பன் என்று பேர். ஒரு மாதமாக வயிற்றெரிச்சல். நான் வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கொடுத்தும் தீரவில்லை. பின்பக்கத்தில் கண்ணாயிரம் எழுதியிருந்தது இது: 'பெண்ணைக் கொடுத்த இடத்தில் அடிக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அந்த நினைப்பு.' டாக்டர் அந்த ஆளிடம் மருந்தைப் பற்றிப் பேசாமல் மகளைப் பற்றிப் பேசினார். இரண்டு வாரத்தில் அவர் மகளைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துக்கொண்டார், வயிறும் அடங்கியது.

அன்றைக்கு டாக்டர் மருந்தறைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பேசியது நன்றாக நினைவிருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதினாராம். நாம் கிருமியையும் கட்டியையும் தேடுகிறோம், அந்த ஆளை விட்டுவிடுகிறோம். உடம்பு, மனசு, சுற்றியிருக்கிற உலகம், மூன்றும் சேர்ந்துதான் நோய், மூன்றையும் சேர்த்துத்தான் வைத்தியம் என்று. கல்லூரியில் ஒரு பேராசிரியர் மட்டும் இதைச் சொல்லிக் கொடுத்தாராம், மற்றவர்கள் கேலி செய்தார்களாம். "அத எழுதுனவருக்கு நம்ம கண்ணாயிரத்த தெரியாது சார்" என்றார் டாக்டர். கண்களில் அப்படி ஒரு சந்தோஷம். அதன் பிறகு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார். கண்ணாயிரத்தின் எழுத்து பழையபடி பெரிதானது.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோட்டில் புளியமரம் வெட்டிக் கிடந்தது. பஸ் கிடையாது, பால் கிடையாது. நான் ஏழு நாளும் வீட்டில் கிடந்தேன். டாக்டரும் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், அவரும் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியைக் கண்ணாயிரம்தான் திறந்து வைத்துக்கொண்டு, காயத்தோடு வந்தவர்களுக்குத் துணி கிழித்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். பஸ் ஓட ஆரம்பித்தபோது ஊர் ஊராகப் போலீஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. மறியலுக்குப் போன பிள்ளைகள் பாதிப்பேர் மலை ஏறிவிட்டார்கள், மீதிப்பேர் ஜெயிலில் இருந்தார்கள்.

ஐப்பசியில் சின்னப்பொண்ணு வந்தாள். ஓடைக்காடு என்று ஐந்து மைல் தள்ளி ஒரு குக்கிராமம். சொந்த நிலம் கிடையாது, களை எடுப்பு, கரும்புக்கட்டு கட்டுவது என்று கூலிக்குப் போகிறவள். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் தமிழரசன், இருபது வயது, லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். மறியலில் மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டு போய்க் கடலூர் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, அசதி, லேசாக இருமல், சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. இவ்வளவையும் கண்ணாயிரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சாயங்காலம் ஆனா மட்டுமா காயுது, தங்கச்சி?"

"ஆமாண்ணா. பொழுது சாயற நேரம் ஆச்சின்னா கண்ணெல்லாம் எரியுது."

"தமிழரசன் வேலைக்குப் போய்ட்டு எத்தினி மணிக்கு வூட்டுக்கு வருவான்?"

அதைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். அந்த நேரத்துக்குத்தான் வருவானாம், வந்ததும் தண்ணீர் கேட்பானாம். கண்ணாயிரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டைத் திருப்பி எழுதினார். 'மகன் ஜெயிலில். சாயங்காலம் உடம்பு காய்கிறது. மகன் வேலை விட்டு வரும் நேரம்.'

டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். ஒரு புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இல்லை என்றார். அவளை உட்கார வைத்துக் கால் மணி நேரம் பேசினார். குழாயை ஒரு தரம் முதுகில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் சளி இருக்கிறது என்றார். சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதினார். நான் எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். என் ஜன்னலில் நிற்கும்போது அவள் முந்தானையால் வாயைப் பொத்தி இருமியது எனக்குக் கேட்டது. அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து வருஷம் மருந்து கொடுக்கிறவனுக்குச் சில இருமல் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியது டாக்டர், நான் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு தரம் அந்த ஐந்து மைலையும் நடந்தே வந்தாள். கண்ணாயிரம் அவளைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். "வாம்மா. தமிழரசன் எப்படி இருக்கானாம்? மனு போட்டுப் பாத்தியா? சட்டைத்துணி குடுத்தனுப்புனியா?" என்று கேட்பார். அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பாள். வாரா வாரம் அந்த மணிக்கட்டு மெலிந்துகொண்டே போனது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பிள்ளை ஏக்கம் ஒரு தாயை இப்படி உருக்குகிறதே என்று டாக்டர் மாய்ந்து போவார்.

தை மாதம் தமிழரசன் ஜாமீனில் வந்தான். கண்ணாயிரம் ஆஸ்பத்திரி முழுக்க வெல்லம் கொடுத்தார், எனக்கு இரண்டு கட்டி. "பாருங்க கம்பவுண்டரே, பத்து நாள்ல தங்கச்சி தேறிடும்" என்றார். பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை விடியற்காலையில் சைக்கிள் கேரியரில் தாயை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளை வராந்தாவில் இறக்கிக் கண்ணாயிரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவசரமாகப் போகணும் என்று ஓடிவிட்டான். நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கண்ணாயிரம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் முந்தானையில் ரத்தம் இருந்தது. வாயிலிருந்து வந்த ரத்தம்.

சளியை எடுத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள் அதே கண்டக்டர் கையில் பதில் வந்தது. காசநோய். கிருமி ஏராளம் என்று மூன்று கூட்டல் குறி போட்டிருந்தார்கள். சாயங்காலக் காய்ச்சலும் இளைப்பும் இருமலும் இருந்தால் சளியைப் பார் என்பது மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம். டாக்டர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தலையைத் தூக்காமலே, "மூணையும் சேத்துப் பாருன்னுதான் எழுதியிருந்தாங்க. உடம்ப விட்டுடுன்னு யாரும் எழுதல. நானா விட்டுட்டேன்" என்றார். அவருடைய படிப்பின் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

கண்ணாயிரம் அவளுடைய பழைய சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவள் அதைச் சுருக்குப்பையில் நாலாக மடித்து வைத்திருந்தாள். தன் கையெழுத்தையே படித்துவிட்டு பழையபடி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து பின்பக்கம் வெறும் வெள்ளையாக வந்தது. பெயர், வயது, ஊர், தொந்தரவு. யாராவது வாயைத் திறந்தால், "அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லு" என்பார். ஆள் சீக்கிரம் சீக்கிரமாக உள்ளே வந்தார்கள். நான் எத்தனையோ நாள் கத்திக் கேட்டது கடைசியில் நடந்தது.

நடந்தது எனக்குச் சுகமாக இல்லை. ஜன்னலில் சொல்ல முடியாததையெல்லாம் ஜனங்கள் என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வேடியப்பன் மாத்திரை வாங்கவே தேவையில்லாதவர், அரை மணி நேரம் என் ஜன்னலை அடைத்துக்கொண்டு மருமகனின் யோக்கியதையை முதலிலிருந்து சொன்னார். "இன்னா, சீட்டு எழுதுறவருக்கு ஒடம்பு சரியில்லியா? மூஞ்சியே சரியில்லியே" என்று என்னிடமே விசாரித்தார்.

சின்னப்பொண்ணைப் பத்து நாள் கட்டிலில் வைத்து ஊசி போட்டோம். ரத்தம் நின்றது, கஞ்சி குடித்தாள். பிறகு, வீட்டிலிருந்தே தினமும் வந்து ஊசி போட்டுக்கொள், மொத்தம் அறுபது, அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை, நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் மருந்து கேட்காது என்று டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொல்லி அனுப்பினார். மறுநாள் மகன் சைக்கிளில் கொண்டுவந்தான். பதினோராவது ஊசி. அதற்கு மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. என் ஊசி நோட்டில் பதினோரு டிக், அதன் பக்கத்தில் வெறும் கட்டங்கள். டாக்டர் தபால் கார்டு எழுதிப் போட்டார், பதில் இல்லை. ஏன் வரவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்ட விஷயம் தெரிந்து வைத்திருக்கிற ஒரே ஆள் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

ஒன்பதாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் போட்டேன்.

"அந்தம்மா சாகப் போவுது, கண்ணாயிரம்ண்ணே. நீங்க இங்க உக்காந்து அழகா சீட்டு எழுதிக்கினு இருங்க."

"நான் இன்னா பண்றது? நான் கேட்டுத்தான அந்த கதிக்கு வந்துது."

"கேட்டது தப்பில்ல. கேட்டதுக்கு நீங்களே அர்த்தம் எழுதுனீங்க பாருங்க, அது தப்பு. நான் பதினஞ்சு வருசத்துல ரெண்டு தரம் மாத்திரைய மாத்திக் குடுத்திருக்கேன். அதுக்காவ மாத்திரை குடுக்கறத நிறுத்திட்டனா?"

"எப்ப மாத்திக் குடுத்த?" என்று அவர் திடுக்கிட்டுப் போய்க் கேட்டார்.

"அது இப்ப எதுக்கு? அந்த இருமல் சத்தம் என் காதுல வுழுந்துது. வாயத் தொறக்காம பொட்டலம் கட்டிக் குடுத்தவன் நானு. நீங்க கேக்கவாவது கேட்டீங்க."

அவர் நோட்டை இழுத்து அந்த வெறும் கட்டங்களை எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடைக்காட்டுக்குப் போயிருக்கிறார்.

திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டரையும் என்னையும் அங்கேயே ஓரமாக நிறுத்தி வைத்துச் சொன்னார். தமிழரசனுக்குக் கோர்ட்டில் ஜாமீன் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். தினமும் காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சி போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஓடைக்காட்டிலிருந்து ஆஸ்பத்திரி மேற்கே ஐந்து மைல், கள்ளக்குறிச்சி கிழக்கே எட்டு மைல். நான் ஒன்பது மணிக்கு வந்து மருந்தறையைத் திறந்து, ஊசியைக் கொதிக்க வைத்துப் போட ஒன்பதரை. கடைசியாக அவன் தாயைக் கொண்டுவந்த அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போயிருக்கிறான். இன்னொரு தரம் இப்படி ஆனால் கோர்ட்டுக்கு எழுதிவிடுவோம், ஜாமீன் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்தை முடித்துவிட்டு அங்கேயே மண்டியில் பொழுது சாயும்வரை மூட்டை தூக்கினால்தான் வீட்டில் உலை. சின்னப்பொண்ணால் இனி நடக்க முடியாது. அதனால் அவள் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள்.

"ஊசியெல்லாம் முடிஞ்சி போச்சி, இனிமே வர வாணாம்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு புள்ளகிட்ட சொல்லியிருக்கு. நாம போட்ட கார்டக் கூட கூரைல சொருகி வச்சிருக்கு, அவன் கண்ணுல படக்கூடாதுன்னு. ஏம்மா இப்படி பண்ணேன்னு கேட்டேன். எனக்கு ஊசி தப்புனா ஒரு உசுரு, அவனுக்குக் கையெழுத்து தப்புனா ரெண்டு உசுருங்குது."

மறுபடி கட்டிலில் சேர்க்கலாமென்றால் இனி ராத்திரி பிள்ளையை விட்டுத் தங்கமாட்டேன் என்கிறாளாம், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. டாக்டர் வக்கீலைப் பார்த்து மனு போடலாமா என்றார். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று அவருக்கே தெரியும். "ஊசி நேரத்த மாத்தலாம். ஆத்தா பொய் சொன்னது தெரிஞ்சதுலருந்து பையன் ஊசி போட்டத கண்ணால பாக்காம நவுரமாட்டேங்கறான், காலைல ஆறரைக்குப் போட்டுட்டா பத்து மணிக்குள்ள ஸ்டேஷனுக்குப் போயிடுவான். வேலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் அந்தம்மா இங்கியே இருக்கட்டும்" என்றார் கண்ணாயிரம். ஆறரைக்கு ஊசி போட வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சியில் ஐந்து மணிக்கு எடுக்கிற முதல் பஸ்ஸில் யாராவது வர வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர்களைத் திட்டாத திட்டு இல்லை. ஐந்து மணி பஸ் என்றால் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், மாசிப் பனி வேறு. என் வீட்டுக்காரி ஊசி போடுவது ஒருத்திக்கா ஊருக்கா என்று கேட்டாள். ஒருத்திக்குத்தான் என்றேன். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டு வைத்திருந்தாள். அந்த நாற்பத்தொன்பது நாளில் நான் ஒருநாள்கூடத் தவறவில்லை என்பதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பஸ்ஸில் தூங்கிப்போய் மலைமேல் வரை போய்விட்டுத் திரும்பிய ஒருநாளை மட்டும் சொல்வதில்லை. அன்றைக்குக் கண்ணாயிரம் ரோட்டில் நின்று ஒரு லாரியை நிறுத்தி, தமிழரசனை சைக்கிளோடு அதில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

சின்னப்பொண்ணு பகல் முழுக்கக் கண்ணாயிரத்தின் ஜன்னலுக்குப் பக்கத்தில் வராந்தாவில் படுத்திருப்பாள். அவர் வீட்டுச் சோறுதான் சாப்பாடு. அவர் மறுபடியும் ஜனங்களைக் கேட்க ஆரம்பித்திருந்தார். வரிசை நீண்டது, நான் கத்தினேன். ஒரு மாற்றம் இருந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுதுவார், அதனால் இது என்று எழுதமாட்டார். டாக்டரும் பின்பக்கத்தைப் படித்து முடித்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்தவரைப் படுக்கச் சொல்லி உச்சி முதல் பாதம் வரை தொட்டுத் தட்டிப் பார்ப்பார். இப்போது அவர் ஒரு கல்லூரியில் பேராசிரியர். அந்தப் பெண் கொண்டுவந்த படிவத்தில் அவர் கையும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. இருந்தால் நேரில் பார்த்துச் சண்டை போடுவேன்.

பங்குனியில் அறுபதாவது ஊசி. அதற்கு முந்தின வாரம் சளியில் கிருமி இல்லை என்று கண்டக்டர் சீட்டு கொண்டுவந்திருந்தார். அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது. நான் ஊசியைப் போட்டுவிட்டு உள்ளே ஸ்டெரிலைசரில் சிரிஞ்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் மாதம் ஒரு தரம் வந்து மாத்திரை வாங்கினால் போதும், அதனால் அன்றைக்கு அவள் கிளம்புகிற நாள். கண்ணாயிரம் ஜன்னலை விட்டு எழுந்து வந்து அவள் எதிரில் நின்றார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக அதைச் சொல்ல முடியாமல்தான் தவித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ மொதமொதல்ல வந்தப்பவே உனக்கு இந்த நோவு இருந்துது. சாயங்காலம் உடம்பு காயுதுன்னு நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் அத புள்ள ஏக்கம்னு எழுதி டாக்டர திருப்பி வுட்டுட்டேன். மூணு மாசம் உன்ன வெறும் சத்து மாத்திரைய குடுத்து நடக்க வுட்டேன். நீ பொழச்சது உன் அதிர்ஷ்டம். என்ன மன்னிச்சிடு."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ எழுதுனது எனக்கு இன்னாத்த தெரியும், எழுத்து படிச்சவளா நானு? அண்ணா, எம்புள்ளைய புடிச்சிக்கினு போனதுலருந்து எங்க ஊர்ல ஒருத்தரும் அவன் பேர வாயில எடுக்கல. எடுத்தா போலீசு அவங்க புள்ளையையும் கேக்கும்னு பயம். என்னப் பாத்தா தெருவ மாத்திக்கினு போவாங்க. அவன் செத்தாப்புல ஆய்ட்டான் ஊருக்கு. நீ ஒருத்தன்தான் தமிழரசன் எப்படி இருக்கானாம்னு பேர் சொல்லிக் கேப்ப. அதக் கேக்கத்தான் அஞ்சு மைலு நடந்தேன். மாத்திரைய நான் சாப்புடவே இல்ல, ஓடையில போட்டுட்டேன். நீ கேக்கலன்னா நான் வூட்டுலயே படுத்து செத்திருப்பேன், ரத்தம் வந்துதுன்னு எம்புள்ளைக்கு இந்த எடத்துக்குத் தூக்கிக்கினு வரணும்னே தெரிஞ்சிருக்காது. எங்கண்ணன் மன்னிப்பு கேக்கறானாம்."

கண்ணாயிரம் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். நான் சிரிஞ்சை எடுக்காமல் அங்கேயே நின்று அழுதேன். வெளியே வரிசையில் யாரோ சீட்டு கேட்டுக் கூப்பிட்டார்கள். நான் போய் ஜன்னலில் உட்கார்ந்து, வந்தவரிடம் பேர் கேட்டேன், வயது கேட்டேன், ஊர் கேட்டேன். பிறகு, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.